திங்கட்கிழமை அரை மணி நேரம்

நான்கு மாதம் மாத்திரையை வீணடித்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் பதினேழு மாத்திரை. திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்ததும் மாத்திரையை வாயில் போட்டு, அப்போதுதான் ஆற்றி வைத்த காபியோடு விழுங்கிவிடுவேன். அப்புறம் நாள் முழுக்க "இன்னிக்கு எலும்பு மாத்திரை போட்டாச்சு" என்ற நிம்மதியில் திரிவேன். மருந்துக்கடைப் பையன் "வாரத்துக்கு ஒண்ணும்மா, வெறும் வயித்துல" என்று சொல்லித்தான் கொடுத்தான். எங்கள் வீட்டில் காபி மட்டும் குடித்திருந்தால் அது வெறும் வயிறுதான். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, ரெண்டு காபிதான்" என்று சொல்லும் குடும்பம்.

முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். "வினாவை முழுசாப் படிச்சுட்டு எழுத ஆரம்பி" என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் குட்டியிருப்பேன்! மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துத் தாளை நான் பிரிக்கக்கூட இல்லை.

நான்காம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா வித்தியாசமாக ஒன்று கேட்டார். "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா"ன்னு கேட்கவில்லை. "எப்படிப் போடுறீங்கன்னு செஞ்சு காட்டுங்க டீச்சர்" என்றார். நானும் அபிநயம் பிடித்துக் காட்டினேன். இடது கையில் மாத்திரை, வலது கையில் டம்ளர். "டம்ளர்ல என்ன?" காபி என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"நாலு மாசமா நீங்க காபிக்குத்தான் மாத்திரை கொடுத்திருக்கீங்க. எலும்புக்குக் கொடுக்கல."

எலும்பு உள்ளுக்குள் கரைந்து மெலிந்து போகும் நோய்க்கு நான் போட்டுவந்தது அலென்ட்ரோனேட், 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. விதிப்படி வெறும் தண்ணீரில் விழுங்கினாலும் நூறில் ஒரு பங்கு கூட ரத்தத்தில் சேராத மருந்து அது. 70 மில்லிகிராமில் உள்ளே போவது அரை மில்லிகிராம் சுமார்தான். காபியோடு விழுங்கினால் அந்த அரையிலும் பாதிக்கு மேல் போய்விடும். பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலோடு வெளியேறிவிடும். எங்கள் காபியில் பால்தானே முக்கால்வாசி! இட்லியோடு போட்டிருந்தால் ஏறக்குறைய பூஜ்யம். பிள்ளைகளுக்குப் பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்தக் கணக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இதெல்லாம் ஆரம்பித்தது 2019 ஜனவரியில், மார்கழி முடியப் போகும் நேரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலைத் தெளித்துவிட்டு, கோலப்பொடி டப்பாவை எடுக்கத் திரும்பினேன். ஈரத்தில் கால் வழுக்கியது. யாரும் இடிக்கவில்லை, படியிலிருந்து விழவில்லை, நின்ற இடத்திலேயே சரிந்தேன். விழும்போது எல்லாரும் செய்வதுபோல வலது கையைத் தரையில் ஊன்றினேன். மணிக்கட்டில் 'படக்'. சத்தம் எனக்கே கேட்டது. கை கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருந்தது.

தெருவே புத்தூர் கட்டுக்குப் போகச் சொன்னது. இவர் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நேரத்தில் கரும்பலகையில் எழுத முடியாமல், ஒரு மாணவியை எழுதச் சொல்லி வாயால் பாடம் நடத்தினேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி சில மாதங்கள் அப்படிப் போயின.

கட்டுப் பிரித்ததும் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நினைத்தார்கள். விரலை மடக்கப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயசு இருக்கும், அவள்தான் கேட்டாள்: "அம்மா, எங்கேருந்து விழுந்தீங்க?" எங்கிருந்தும் இல்லை, நின்றபடி என்றேன். "அப்ப டெக்ஸா எடுத்துடுங்க. நின்ன உயரத்துலேர்ந்து விழுந்து எலும்பு முறியக் கூடாது. முறிஞ்சா எலும்புல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்." உடைந்த எலும்பை ஒட்டியவர்களுக்கு அது ஏன் உடைந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

எலும்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று அளக்கும் அந்த டெக்ஸா ஸ்கேனுக்குப் பாண்டிச்சேரி போனோம். பயப்பட ஒன்றுமில்லை. உடுத்திய உடையோடு மேஜையில் மல்லாந்து படுக்க வேண்டும், உலோகக் கொக்கி இருந்தால் கழற்றிவிட வேண்டும். மேலே ஒரு கை மாதிரி ஒன்று மெதுவாக நகரும். பத்து நிமிஷம். மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரேயை விடக் கதிர்வீச்சு குறைவு. கல்யாண மண்டபங்களில் இலவச முகாம் என்று குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொல்லி எண் சொல்வார்கள், அது வேறு. அதை வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு கட்டக் கூடாது. முடிவு சொல்வது இடுப்புக்கும் முதுகுத்தண்டுக்கும் எடுக்கும் டெக்ஸாதான்.

ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஒரு எண். நல்ல வாலிபத்தில் இருக்கும் ஒருவரின் எலும்போடு நம் எலும்பை ஒப்பிட்டால் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்ற அளவு. உலக சுகாதார நிறுவனம் 1994ல் வகுத்த எல்லைக்கோடுகள்தான் இன்றும்: −1 வரை சரி, −1க்கும் −2.5க்கும் நடுவில் அடர்த்திக் குறைவு, −2.5ம் அதற்குக் கீழும் ஆஸ்டியோபொரோசிஸ். எனக்கு முதுகில் −2.8, இடுப்பில் −2.2. இவர் அதைப் பார்த்துவிட்டு "2.8 பெரிசா இருக்கே, அப்ப முதுகு பரவாயில்லையா?" என்றார். ஆறாம் வகுப்பில் எண்கோடு வரைந்து, பூஜ்யத்துக்கு இடது பக்கம் போகப் போக மதிப்பு குறையும் என்று எத்தனை வருஷம் கத்தினேன்! சொந்த வீட்டில் விளக்கு எரியவில்லை.

இந்த நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயரில் ஒரு சிக்கல் இருக்கிறது. யாரிடம் சொன்னாலும் "ஓ, எலும்புத் தேய்மானமா? எனக்கும்தான், முட்டி தேஞ்சு போச்சு" என்பார்கள். முட்டி தேய்வது மூட்டு நோய். குருத்தெலும்பு தேயும், வலிக்கும், நடக்கும்போது தெரியும். எனக்கு வந்திருப்பது வலிக்கவே வலிக்காது, உடைகிறவரை. புத்தகத் தமிழில் எலும்புப்புரை என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. புரை என்றால் உள்ளே பொத்தல். சட்டிக்குள்ளே பொத்தல் விழுந்து வெளியே பளபளவென்று இருப்பதுபோல. எலும்பு காங்கிரீட் தூண் இல்லை, பழையதைத் தின்னும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் அதற்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படி மாறிக்கொண்டே இருக்கும். தின்பது கூடி, கட்டுவது குறைந்தால் புரை விழும். பெண்களுக்குச் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் தின்பவர்களைக் கட்டி வைத்திருக்கும் கயிறு. மாதவிலக்கு நின்றதும் கயிறு அவிழும், முதல் ஐந்தாறு வருஷம் வேகமாகக் கரையும்.

"எப்ப நின்னுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார். தானாக நிற்கவில்லை. 2004ல், நாற்பத்துமூன்று வயதில், கட்டி என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள் என்பது பழைய சீட்டைத் தேடிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. என் வயதுப் பெண்கள் பலரும் இப்படித்தான். "யூட்ரஸ் எடுத்தாச்சு" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். சினைப்பை இருக்கிறதா இல்லையா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அதை எடுத்த வருஷத்திலிருந்துதான் எலும்பின் கணக்கு தொடங்குகிறது.

அடுத்த கேள்வி: "அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கா?"

அம்மாவுக்கு முறிந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. முந்திரித் தோப்பும் பலாமரமும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்த நாட்களை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. கரண்ட் வர நாளாகும் என்று தெரிந்து மெழுகுவத்தியை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போய், கதவு நிலையில் தடுக்கி விழுந்தாள். தொடையெலும்பின் கழுத்தில் முறிவு. அறுவைச் சிகிச்சை செய்தும் பழையபடி எழுந்து நடக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு அம்மா இல்லை. "புயல் கொண்டுபோயிடுச்சு" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், அம்மாவின் அம்மாவான ஆயா கூன் விழுந்து தரையைப் பார்த்தே நடந்ததும் சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது. வயசானால் கூன் விழும் என்று சொல்லி வளர்த்தார்கள். முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கித்தான் பெரும்பாலும் அப்படிக் கூன் விழுகிறது, அதில் முக்கால்வாசி முறிவை யாரும் முறிவென்றே கண்டுபிடிப்பதில்லை என்றார் டாக்டரம்மா. ஆயா "முதுகு புடிச்சுக்கிச்சு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்த நாட்களில் எத்தனை முறிவோ.

சிகிச்சை உடனே மாத்திரையில் ஆரம்பிக்கவில்லை. முதலில் ரத்தப் பரிசோதனை: கால்சியம், தைராய்டு, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், வைட்டமின் டி. வைட்டமின் டி 20க்கு மேல் இருக்க வேண்டும், எனக்கு 11. வெயில் காலத்தில் தார் உருகும் கடலூரில் இருந்துகொண்டு வெயிலின் வைட்டமின் பற்றாக்குறை! ஆனால் யோசித்தால் வியப்பில்லை. விடியற்காலையில் கோலம், ஒன்பது மணிக்குள் பள்ளிக்கூடம், ஐந்து மணிக்குக் குடையோடு திரும்புதல். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் காலை பத்து, பதினொன்றிலிருந்து மூன்று மணிவரைதான் சரியாகக் கிடைக்கும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் கருப்புத் தோலுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் கூடுதல் நேரமும் வேண்டும். விடிகாலை நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, வைட்டமின் டிக்கு அதனால் பலனில்லை.

அதனால் 60,000 யூனிட் மாத்திரை, வாரம் ஒன்று, எட்டு வாரம். அப்புறம் மாதம் ஒன்று. கொழுப்போடு சேர்ந்தால்தான் ஏறும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இதில் ஒரு எச்சரிக்கை. எங்கள் எதிர்வீட்டு அம்மா இதே மாத்திரையை, மற்ற மாத்திரைகளோடு டப்பாவில் போட்டு வைத்து, தினம் ஒன்றாக ஒன்றரை மாதம் விழுங்கிவிட்டார். வாந்தி, மலச்சிக்கல், மயக்கம். ரத்தத்தில் கால்சியம் எகிறி, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பாட்டில் பாட்டிலாக ஏற்றித்தான் இறக்கினார்கள். வைட்டமின்தானே, என்ன செய்துவிடும் என்ற நினைப்புதான் காரணம்.

பல்லையும் பார்க்கச் சொன்னார். இந்த வகை மருந்து எடுப்பவர்களில் மிக அரிதாகச் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. அதனால் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை முதலில் பிடுங்கி, புண் ஆறிய பிறகு ஜூலையில் மாத்திரை. மீதிதான் நீங்கள் படித்த காபிக் கதை.

கால்சியம் விஷயத்தில் நான் என் கணக்குப் புத்தியைக் காட்டினேன். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம். எல்லாரும் காலையொன்று மாலையொன்று என்று மாத்திரையில் ஆரம்பிக்கிறார்கள். நான் சமையலறையில் ஆரம்பித்தேன். பாலும் தயிருமாக அரை லிட்டர் போகிறது, 100 மில்லிக்கு 120 என்று வைத்தால் 600. கேழ்வரகு 100 கிராமில் 350 அளவுக்கு இருக்கிறது, நான் காலையில் களியோ அடையோ தின்பது 50 கிராம் மாவு, ஆக 170க்குக் கொஞ்சம் மேல். முருங்கைக்கீரை, பருப்பு, எள்ளுப்பொடி எல்லாம் சேர்த்து ஒரு 150. மொத்தம் 920. குறைவது 280. அப்படியென்றால் இரண்டு மாத்திரை எதற்கு? தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு "ஒண்ணு போதும் டீச்சர்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு வாங்கிய முதல் நூற்றுக்கு நூறு.

அந்த ஒன்றிலும் சூட்சுமம் உண்டு. அட்டையில் 1250 என்று போட்டிருக்கும், அது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் கால்சியம் 500தான். கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், ஆகவே சாப்பாட்டோடு. அல்சருக்கு வருஷக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களுக்கு சிட்ரேட் வகை தோதுப்படும். ஒரே வேளையில் 500க்கு மேல் போட்டால் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். திங்கட்கிழமை மாத்திரைக்குப் பக்கத்தில் அது வரவே கூடாது. நான் மதியத்துக்கு வைத்துக்கொண்டேன்.

கடலூர்க்காரி கருவாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியுமா? நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியம் நிறைய. ஆனால் கருவாட்டில் உப்பு அதிகம், உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் சேர்ந்து போகும். அதனால் பச்சை நெத்திலிக்கு மாறினேன். முதுநகரிலிருந்து கூடையோடு வரும் அக்கா "என்ன டீச்சரு, கருவாட்டை விட்டுட்டீங்க" என்று இன்னும் கேட்கிறார். பிரண்டைத் துவையலும் செய்கிறேன், நாக்கு அரிக்காமல் நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து. எலும்பை ஒட்டும் என்று ஊரே சொல்கிறது, ஒட்டினால் சந்தோஷம். அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஹீட்டர் கம்பியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ஆறு மாதத்துக்கொரு முறை சுரண்ட வேண்டும். ஆலைக் குழாய்களில் இப்படிச் சுண்ணாம்பு படியாமல் இருக்க ஒரு வகை ரசாயனம் சேர்ப்பார்களாம். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் பிஸ்பாஸ்போனேட். 1960களில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற ஸ்விட்சர்லாந்துக்காரர், இவை கால்சியப் படிகத்தில் ஒட்டிக்கொள்வதையும் எலும்பு கரைவதைத் தடுப்பதையும் கண்டார். அதிலிருந்து கிளைத்ததுதான் 1995ல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு அனுமதி வாங்கிய என் அலென்ட்ரோனேட். ஹீட்டர் கம்பியும் நானும் ஒரே மருத்துவத்தில் இருக்கிறோம். மருந்து எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். எலும்பைத் தின்ன வரும் அணு அதையும் சேர்த்துத் தின்று வேலை செய்ய முடியாமல் போகும்.

ஆக, திங்கட்கிழமை விதி இதுதான். எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், 200 மில்லி வெறும் தண்ணீர். உப்புப் போர்த் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர். மாத்திரையைச் சப்பக் கூடாது, கடிக்கக் கூடாது. அப்புறம் அரை மணி நேரம் எதுவும் வாயில் படக் கூடாது, படுக்கவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போனால் வருஷத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. முதல் தடவை ஏற்றியதும் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கும் அந்த அரை மணி நேரம் எனக்கு முதல் சில வாரம் பாடாகத்தான் இருந்தது. ஐந்தே முக்காலுக்குப் பால்காரர் மணி அடிப்பார். இவர் டிகாஷன் இறக்குவார். அந்த வாசனை கூடத்தைத் தாண்டி வரும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பேன். பரிதாபப்பட்டு இவர் திங்கட்கிழமைகளில் டபராவைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போக ஆரம்பித்தார்.

சும்மா நின்று கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதில், பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிக்கொடுத்ததை அந்த நேரத்தில் நுழைத்தேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, இருபது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, பத்து, சற்று இளைப்பாறி மறுபடி பத்து. ஒற்றைக்காலில் நிற்பது, முதல் நாள் நாலு விநாடி, இப்போது முப்பது. கைக்கு ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலம். நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றுவேன், ஞாயிறன்று தேவனாம்பட்டினம் கடற்கரை. அது நல்லதுதான். ஆனால் எலும்பு கெட்டிப்பட அதன் மேல் தசை இழுக்கும் பாரம் வேண்டும், விழாமல் இருக்கச் சமநிலை வேண்டும்.

முன்பக்கம் வளைந்து செய்வதையெல்லாம் குறைத்துக்கொண்டேன். கோலத்தைக் குந்தி உட்கார்ந்து போடுகிறேன். கட்டை விளக்குமாற்றுக்குப் பதில் நின்றுகொண்டு பெருக்கும் நீளத் துடைப்பம். குடத்தை முட்டியை மடக்கித் தூக்குகிறேன். பக்கத்துத் தெரு யோகா வகுப்பில் எல்லாரையும் காலைத் தொடச் சொல்கிறார்கள். முதுகெலும்பு மெலிந்தவர்களுக்கு அது ஆகாது என்று இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருத்தி கேட்டாள்.

இனி அக்கா கதை. என்னைவிட ஏழு வயது மூத்தவள், நெல்லிக்குப்பத்தில் இருக்கிறாள். ஆஸ்துமாவுக்கு வருஷக்கணக்கில் விட்டுவிட்டு ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியதில் அவள் எலும்பு என்னுடையதைவிட மோசம். அவளுக்கு டெனோசுமாப் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலடியில் போடும் ஊசி, பாண்டிச்சேரியில். 2019 அக்டோபரில் போட்டாள். அடுத்தது 2020 ஏப்ரல். ஊரடங்கு. பாண்டிச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்ட விடவில்லை. சரி, திறந்ததும் போகலாம் என்றாள். திறந்த பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே பயம். அக்டோபரும் போனது. "வலி ஒண்ணும் இல்லையே பாப்பா, ஒரு ஊசி விட்டா என்ன ஆகும்" என்று போனில் சொன்னாள். எனக்கும் அப்போது தெரியாது.

என் மாத்திரை எலும்பில் தங்கும். அந்த ஊசி தங்காது. அது ஒரு அணை மாதிரி. ஆறு மாதம் தாண்டியதும் அணை திறந்துகொண்டு, கட்டி வைத்திருந்த அரிப்பெல்லாம் ஒரேயடியாகப் பாயும். டிசம்பரில் இட்லிப்பானையைத் தூக்கினாள், முதுகில் சுரீர். எக்ஸ்ரேயில் மூன்று முதுகெலும்புகள் நசுங்கியிருந்தன. பொங்கலுக்குப் போனபோது அவள் வாசலில் நின்று வரவேற்றாள். புடவை தரையில் புரண்டது. எப்போதும் கட்டும் அதே சுங்குடிப் புடவை. "என்னக்கா, கீழே விட்டுக் கட்டியிருக்கே" என்று குனிந்து கொசுவத்தைத் தூக்கிச் சொருகப் போனேன். சொருகிவிட்டு நிமிர்ந்தால் அவள் தலை என் கண் மட்டத்துக்குக் கீழே இருந்தது. சின்ன வயதிலிருந்து நான் அண்ணாந்து பார்த்த அக்கா.

அந்த ஊசியைத் தொடங்கினால் தேதி தவறக் கூடாது, நிறுத்துவதென்றால் அந்த இடத்தில் வேறு மருந்தைப் போட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இதை அக்காவிடம் ஆரம்பத்தில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. இப்போது அவள் வீட்டுக் காலண்டரில் இரண்டு தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம், என் வீட்டுக் காலண்டரிலும்.

அவள் வீட்டிலும் என் வீட்டிலும் அதற்கப்புறம் நிறைய மாறியது. கூடத்தில் கிடந்த சின்ன மிதியடிகளைத் தூக்கிப் போட்டோம். பாத்ரூமில் வாரம் ஒரு முறை பாசி தேய்ப்பதும், சுவரில் பிடிமானக் கம்பியும். ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு, கரண்ட் போனால் தானாக எரிகிற வகை. அம்மாவுக்கு அன்றைக்கு அது இருந்திருந்தால் என்று ஒவ்வொரு புயல் அறிவிப்புக்கும் நினைத்துக்கொள்வேன். கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த இவரையும் அந்தச் சாக்கில் செய்ய வைத்தேன். எலும்புப்புரை எனக்கு, கண்புரை இவருக்கு. தடுக்கி விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுவோம்.

2024 நவம்பரில் ஐந்து வருஷம் முடிந்தது. காபியோடு விழுங்கிய பதினேழு வாரத்தை டாக்டரம்மா கணக்கில் சேர்க்கவே இல்லை. அதே ஸ்கேன் சென்டர், அதே மெஷின். மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது என்பதால் அடம் பிடித்து அங்கேயே போனேன். முதுகு −2.4, இடுப்பு −2.0. இவர் ரிப்போர்ட்டைக் கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டு முகம் வாடினார். "2.8 இருந்தது 2.4க்கு இறங்கிடுச்சே." நான் ஸ்கேன் சென்டர் வாசலிலேயே, ரிப்போர்ட் உறையின் பின்பக்கத்தில், பேனாவால் எண்கோடு வரைந்து காட்டினேன். நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

"இடுப்பும் பரவாயில்லை, புது முறிவும் இல்லை. மாத்திரைக்கு லீவு விடலாம் டீச்சர்" என்றார் டாக்டரம்மா. லீவு என்ற சொல்லையே சொன்னார். ஐந்து வருஷத்தில் எலும்பில் சேர்ந்த மருந்து இன்னும் கொஞ்ச காலம் வேலை செய்யும். நெடுநாள் விடாமல் எடுத்தால் அபூர்வமாகத் தொடையெலும்பு நடுவில் கீறல் விடும் ஆபத்து இருப்பதால் இடைவெளி நல்லது. தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ மந்தமான வலி வந்தால் உடனே வரச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன். கால்சியம், வைட்டமின் டி, நாற்காலிப் பயிற்சி இவற்றுக்கு லீவு கிடையாது. அக்கா போன்றவர்களுக்கு இந்த லீவே கிடையாது.

அதற்கடுத்த திங்கட்கிழமை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. கேன் தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தேன். பழக்கத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்க ஆரம்பித்துவிட்டேன். பால்காரர் வந்து போனார். இவர் டபராவைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குக் கிளம்பினார்.

"ஏங்க, எங்க போறீங்க? இன்னிலேர்ந்து லீவு."

"அட, ஆமாம்ல" என்று திரும்பி வந்து டம்ளரை நீட்டினார். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறாக இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

"மேடை மேல வைங்க, இன்னும் பன்னண்டு பாக்கி இருக்கு" என்றேன்.